குப்பைமேடு சொன்னதும் எலும்பு சொன்னதும்

உங்க வீட்டுக் குப்பைத்தொட்டியை 7,000 வருஷம் கழிச்சு ஒருத்தர் கிளறிப் பார்க்கிறார்னு வெச்சுக்கோங்க. என்ன மிஞ்சியிருக்கும்? சோறு இருக்காது. சாம்பார், ரசம், கீரை, தயிர், இட்லி, எதுவுமே இருக்காது. வாழைப்பழத்தோல் பத்து நாள் தாங்கினா அதிகம். மண் ஒத்துழைச்சா ஞாயித்துக்கிழமை ஆட்டெலும்பு கொஞ்சம் இருக்கும். எப்பவோ சொந்தக்காரங்க வந்தப்ப வாங்கின நண்டோட ஓடு இருக்கும். அதை மட்டும் பார்த்துட்டு அந்த ஆள், "இந்த வீட்டில் மூணு வேளையும் நண்டும் ஆட்டுக்கறியும்தான்"னு எழுதி வெச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஏன் இந்தக் கதைன்னா, கொஞ்ச வருஷமா என் கிளினிக்குக்கு வர்றவங்க கூடவே ஆதிமனிதனையும் கூட்டிக்கிட்டு வர்றாங்க. "ஆதிமனிதன் அரிசி சாப்பிட்டானா டாக்டர்? அவனுக்கு சுகர் வந்துச்சா?" இது ஒரு கட்சி. "ஆதிமனிதன் பழமும் கொட்டையும்தான் தின்னான், கறியெல்லாம் பின்னாடி வந்தது" என்பது எதிர்க்கட்சி. ரெண்டு கட்சிக்கும் நான் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: எந்த ஊர் ஆதிமனிதன்? எந்த மாசத்தில்?

சிரிப்பாங்க. ஆனா நான் விளையாட்டுக்குக் கேட்கல. இந்தக் கேள்விக்கு ஓரளவு நல்லாவே பதில் தெரிஞ்ச ஒரு இடம் இருக்கு. டென்மார்க். அங்கே கடலோரத்தில் வாழ்ந்த வேட்டைக்காரர்கள் விட்டுப்போன சிப்பி மேடுகளைப் பற்றி நைட் டியூட்டியில் படிக்க ஆரம்பிச்சு, அது எனக்கு ஒரு பைத்தியமாவே ஆயிடுச்சு. நீளமா போகும். டீ போட்டுக்கிட்டு வாங்க.

1850. டென்மார்க்கின் வடக்கே மைல்கோர் என்ற இடத்தில் ரோடு போடுவதற்காகச் சிப்பி ஓடுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலோரத்தில் ஓடுகள் மலைபோல் குவிந்திருப்பதை அதுவரை எல்லோரும் இயற்கையான விஷயம் என்றே நினைத்தார்கள். பழைய கடற்கரை, கடல் பின்வாங்கியபோது விட்டுப்போனது. ஆனால் அந்தக் குவியலுக்குள் சிக்கிமுக்கிக் கல்லில் செய்த கருவிகள் கிடைத்தன. வோர்சோ என்ற தொல்லியல் அறிஞருக்குப் பொறி தட்டியது. இது கடல் கொண்டுவந்து போட்டதில்லை, மனுஷன் தின்னுட்டுப் போட்டது.

அப்போது அங்கே அறிவியல் கழகம் 1848-இல் அமைத்த ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. வோர்சோவோடு விலங்கியல் அறிஞர் ஸ்டீன்ஸ்ட்ரப், புவியியல் அறிஞர் ஃபோர்ஷ்ஹாமர். மூணு பேர், மூணு துறை. நம்ம பெரிய ஆஸ்பத்திரிகளில் சிக்கலான கேஸுக்கு எல்லா டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து உட்காருவோமே, அந்த மாதிரி. அவர்கள் கவனித்தவை: ஓடுகளில் குஞ்சுகள் இல்லை, வளர்ந்த சிப்பிகள் மட்டுமே. நடுநடுவே அடுப்புக் கரி. கல் கருவி. உடைத்த எலும்பு. இயற்கை இப்படிப் பொறுக்கி எடுத்து அடுக்காது. சமையல்கட்டுக் குப்பை என்று பொருள்வரும் ஒரு டேனிஷ் பெயரை இதற்கு வைத்தார்கள். பிறகு உலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்தது.

ஸ்டீன்ஸ்ட்ரப் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குவியலில் பறவை எலும்புகளின் நடுத்தண்டு மட்டும் கிடைக்கிறது, இரண்டு முனைகளும் இல்லை. ஏன்? அவர் நாய்களைப் பிடித்து வைத்து எலும்பு போட்டுப் பார்த்தார். நாய்கள் மெத்தென்ற முனைகளைத் தின்றுவிட்டு, கெட்டியான நடுத்தண்டை விட்டுவிட்டன. அதாவது அந்தக் குப்பையில் நாய் வாய் வைத்திருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பது மனிதன் தின்று, நாய் தின்று, காலம் தின்று மிஞ்சிய மிச்சம். "கிடைத்ததை வைத்து முடிவு கட்டாதே, கிடைக்காமல் போனது எப்படிப் போனது என்று முதலில் பார்" என்று என் மெடிசின் பேராசிரியர் ஒருவர் சொல்லுவார். நாய்க்கு எலும்பு போட்டு அதைச் செய்து காட்டியவர் ஸ்டீன்ஸ்ட்ரப்.

இந்த மேடுகளில் பெயர் பெற்றது லிம்ஃபியோர்ட் கடற்கழி ஓரத்தில் இருக்கும் எர்ட்டபெல்ல. 1893 முதல் 1897 வரை அகழ்ந்தார்கள். நீளம் சுமார் 140 மீட்டர், அகலம் 20 மீட்டர் வரை, கனம் சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்கு வந்து தின்று போட்டது. அந்த ஊர்ப் பெயரையே அந்தப் பண்பாட்டுக்கும் வைத்துவிட்டார்கள். காலம், தோராயமாக கி.மு. 5400-லிருந்து கி.மு. 4000 வரை. பயிர் கிடையாது, மாடு கிடையாது. வளர்த்த ஒரே மிருகம் நாய்.

சரி, இவ்வளவு பெரிய சிப்பிக் குவியலைப் பார்த்தா நீங்க என்ன முடிவுக்கு வருவீங்க? "இவங்க சிப்பி தின்னே வாழ்ந்தவங்க." எல்லாருமே முதலில் அப்படித்தான் நினைச்சாங்க.

1978-இல் ஜெஃப் பெய்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு செம்மான் தரும் கலோரிக்கு ஈடாக எத்தனை சிப்பி வேண்டும்? 50,000-க்கும் மேலே. ஒரே ஒரு மானுக்கு! மட்டி என்றால் அதுபோல மூன்று மடங்கு. அந்த 50,000 ஓடும் குவிந்து கிடந்தால் மலை மாதிரி தெரியும். மானின் எலும்போ ஒரு கோணிப்பையில் அடங்கிவிடும், அதிலும் பாதியை நாய் கொண்டுபோய்விடும். சிப்பி என்பது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், கொஞ்சம் புரதம், நல்ல துத்தநாகம். நல்ல உணவுதான், ஆனால் குடும்பம் முழுக்க அதில் வயிறு நிரப்புவது கஷ்டம்.

அப்புறம் ஏன் தின்றார்கள்? இதற்கு ஓடே பதில் வைத்திருக்கிறது. மரத்தில் வளையம் மாதிரி சிப்பி ஓட்டிலும் வளர்ச்சிக் கோடு உண்டு; கடைசிக் கோட்டுக்குப் பிறகு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பருவத்தில் பறித்தார்கள் என்று தெரியும். பார்த்தவர்கள் சொன்னது, பெரும்பாலும் வசந்த காலத் தொடக்கம். நமக்கு வசந்தம்னா பூ, குயில். அந்த நாட்டில் அது பஞ்ச மாசம். குளிர்காலம் முழுக்கத் தீனியில்லாமல் மான் எலும்பும் தோலுமாக இருக்கும். இலையுதிர் காலத்தில் சேர்த்த ஹேசல் கொட்டை தீர்ந்திருக்கும். நம்ம ஊரில் புது நெல் வருவதற்கு முன்னாடி குதிரில் அடி தெரியுமே, அந்த நேரம். அப்போது ஓடிப்போகாத, ஒளிந்துகொள்ளாத, கிழவியும் குழந்தையும்கூடப் பொறுக்கிவரக்கூடிய ஒரே சாப்பாடு கடலோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி. அந்த மேட்டை நான் இப்போது விருந்து நடந்த இடமாகப் பார்ப்பதில்லை. பசியோடு சமாளித்த மாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

அப்போ மத்த மாசங்களில் என்ன சாப்பிட்டாங்க?

சர்க்கரை நோயாளிகளுக்கு இது உடனே புரியும். சாப்பாட்டு டைரி எழுதிட்டு வாங்கன்னா அழகா எழுதிட்டு வருவாங்க. காலையில் ரெண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி கோதுமை தோசை. சாயங்காலம் சாப்பிட்ட ஜாங்கிரி டைரியில் இருக்காது. நான் சண்டை போடுறதில்லை. மூணு மாச சராசரி டெஸ்ட் எழுதிக் கொடுத்துடுவேன். ரத்தம் டைரியைப் பார்த்து எழுதாது.

எலும்பிலும் அப்படி ஒரு டெஸ்ட் உண்டு. எலும்பின் புரதமான கொலாஜன் நாம் தின்னும் புரதத்திலிருந்து உருவாகிறது, மெல்ல மெல்லப் புதுப்பித்துக்கொள்கிறது. தொடை எலும்பை எடுத்துப் பார்த்தால் மூணு மாசம் இல்லை, பத்து வருஷத்துக்கும் மேலான சாப்பாட்டின் சராசரி கிடைக்கும். கடல் உணவில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் கொஞ்சம் அதிகம். ஐரோப்பாவின் காட்டுச் செடிகளிலும் அவற்றைத் தின்ற மிருகங்களிலும் குறைவு. (இதே டெஸ்ட்டை கம்பும் கேழ்வரகும் சாப்பிடும் நம்ம ஊரில் செய்தால் குழப்பம் வரும், அந்தப் பயிர்களிலும் கார்பன்-13 கூடுதல். அந்தக் கால டென்மார்க்கில் அந்தத் தொல்லை இல்லை.)

1981-இல் ஹென்ரிக் டாவ்பர் என்ற டேனிஷ் அறிவியலாளர் இந்த அளவீட்டை வெளியிட்டார். கடலோர வேட்டைக்காரர்களின் எலும்பில் கடல் அப்படியே இருந்தது, கிரீன்லாந்தில் சீலும் மீனும் தின்று வாழ்ந்த மக்களின் எலும்புக்குக் கிட்டத்தட்ட. அவர்கள் வளர்த்த நாயின் எலும்பிலும் கடல்தான். சிப்பியால் மட்டும் வந்திருக்க முடியாத அளவு. அப்படியென்றால் மீன், சீல்.

மீன் எங்கே போச்சு? மேட்டுக்குள்ளேயேதான் இருந்தது. விலாங்கு, காட், கெண்டை வகைச் சிறு மீன்கள். முள் ஊசி மாதிரி சின்னது. சன்னமான சல்லடையில் சலித்துப் பார்த்த பிறகுதான் எவ்வளவு மீன் தின்றிருக்கிறார்கள் என்று புரிந்தது. கண்ணைப் பறிச்சது சிப்பி ஓடு, வயிறை நிரப்பினதில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத மீன் முள். ஒரு பழமொழி ஞாபகம் வரும், சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லைன்னா நாளைக்கே யாராவது இதை எடுத்துக்கிட்டு "ஆதிமனிதன் வெறும் மீன்தான்"னு போஸ்ட் போடுவாங்க. இந்த எலும்பு டெஸ்ட் முக்கியமாகப் புரதம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காட்டும். ஹேசல் கொட்டையின் கொழுப்பு, கிழங்கின் மாவு, காட்டுப் பழம் எல்லாம் அதில் சரியாகப் பதியாது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு குருட்டுக்கண் உண்டு. டாக்டருக்கு டெஸ்ட் எழுதத் தெரிவது பெரிசில்லை, அதன் குருட்டுக்கண் எந்தப் பக்கம் என்று தெரியணும்.

இனி கற்கள். புதிதாக உடைத்த சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி வெட்டும். ஒரு பெரிய சில்லை எடுத்து, ஒன்றிரண்டு தட்டில் விளிம்பு வருமாறு கோடரி செய்தார்கள். அதை வைத்து மரம் குடைந்து படகு. டூப்ரிண்ட் வீக் என்ற இடத்தில், இன்று கடலுக்கடியில் கிடக்கும் ஒரு குடியிருப்பில், லிண்டன் மரத்தில் குடைந்த படகு கிடைத்தது. நீளம் சுமார் 9.5 மீட்டர். பின்பக்கத்தில் களிமண் பூசி அடுப்பு வைத்திருந்தார்கள். ராத்திரி அந்தத் தீ வெளிச்சத்தில் விலாங்கு குத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். துடுப்பில் கோலம் மாதிரி வேலைப்பாடு. பசியில் செத்துக்கொண்டிருந்தவன் துடுப்புக்கு அலங்காரம் செய்வானா என்று கேட்டால், வருஷத்தில் எல்லா மாசமும் ஒன்றில்லை என்பேன்.

அம்புமுனை விசித்திரமானது. நாம் படம் போடுவது மாதிரி கூராக இருக்காது. உளி மாதிரி அகலமான விளிம்பு. கேஷுவாலிட்டியில் நின்றவர்களுக்கு இதன் நோக்கம் சொல்லித் தரத் தேவையில்லை. குத்துக்காயம் வெளியே சின்னதாக மூடிக்கொள்ளும். அகலமான வெட்டுக்காயம் திறந்தே இருக்கும், ரத்தம் நிற்காது. ஓடும் மானை ரத்தத் தடம் பிடித்துத் துரத்தலாம்.

மான் மட்டும் சாகவில்லை. 1975-இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே வெட்பெக் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்காக மண்ணைத் தோண்டும்போது, சிப்பி மேட்டுக் காலத்தைச் சேர்ந்த ஒரு இடுகாடு வெளிப்பட்டது. சுமார் 7,000 வருஷம் பழையது. 17 குழிகள், 22 பேர். (சாதாரணமாகப் பழைய எலும்பை மண்ணின் அமிலம் கரைத்துவிடும். மேட்டுக்குள் இருப்பவற்றைச் சிப்பி ஓட்டின் சுண்ணாம்பு காப்பாற்றும். வெட்பெக்கில் மண்ணே கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது.) ஒரு குழியில் ஒரு ஆண், ஒரு பெண், நடுவில் ஒரு குழந்தை. பெரியவர்களில் ஒருவரின் முதுகெலும்புகளுக்கிடையே எலும்பில் செய்த முனை ஒன்று செருகி நின்றது. இந்தக் காலத்து டேனிஷ் மண்டையோடுகளில் அடிபட்டு ஆறிய காயங்களும் குறைவில்லை. "அந்தக் காலத்தில் ஸ்ட்ரெஸ் இல்லை டாக்டர்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த எலும்பு முனைதான் ஞாபகம் வரும்.

அதே இடுகாட்டில் எட்டாம் எண் குழி. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

பதினெட்டு வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். தலைக்குக் கீழே மடித்து வைத்த ஏதோ ஒரு ஆடை. ஆடை மக்கிவிட்டது, அதில் தைத்திருந்த செம்மான் பற்களும் நத்தை ஓடுகளும் குவியலாகக் கிடந்தன. செங்காவி தூவியிருந்தார்கள். அவள் பக்கத்தில் பிறந்த குழந்தை ஒன்று. அந்தக் குழந்தையை வெறும் மண்ணில் போடவில்லை. ஒரு அன்னப்பறவையின் இறக்கையை விரித்து அதன்மேல் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்பருகே ஒரு சிறிய சிக்கிமுக்கிக் கல் கத்தி. அந்த இடுகாட்டில் ஆண்களோடு வைக்கிற மாதிரிக் கத்தி, அதனால் ஆண் குழந்தை என்று கருதுகிறார்கள்.

இளம் தாய், பிறந்த குழந்தை, ஒரே குழி, ஒரே நாள். பிரசவ வார்டில் வேலை பார்த்த எவருக்கும் இதற்கு மேல் கேஸ் ஷீட் வேண்டாம்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி, பத்தொன்பது வயசுப் பெண். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அப்புறம் கர்ப்பப்பை சுருங்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் ரத்தக்குழாய் வாய்கள் மூடும். மூடாவிட்டால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஊசி, ரத்தம், ஆபரேஷன் தியேட்டர், பெரிய டாக்டர்கள், எல்லாம் இருந்தது, எல்லாம் செய்தார்கள். விடியறதுக்கு முன்னாடி போய்விட்டாள். வெளியே அவளுடைய அம்மா, பழைய நூல் சேலையைக் கிழித்து அதில் பேத்தியைச் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார். புதுத்துணி உறுத்தும்னு பழஞ்சேலை. வீட்டில் இருக்கிறதிலேயே மெத்தென்ற துணி. அன்ன இறக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சேலைதான் தெரிந்தது.

அவர்கள் சாப்பிட்டது நல்ல சாப்பாடு. மீன், மான், கொட்டை, மைதா இல்லை, சர்க்கரை இல்லை. நம்மில் பலருடைய தட்டைவிட மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாப்பாடு அவளைக் காப்பாற்றியிருக்காது, அவ்வளவுதான். ஒரு ஆக்ஸிடோசின் ஊசியும் நாலு பாட்டில் ரத்தமும் இருந்திருந்தால் ஒருவேளை.

(கடைசிப் பகுதி. இன்னும் ஒரே ஒரு பொருள் பாக்கி.)

கி.மு. 4000-ஐ ஒட்டி டென்மார்க்கில் உழவு வருகிறது. டாவ்பரின் அளவீட்டில் எலும்பு சட்டென்று மாறுகிறது. கடல் போய் நிலம் வருகிறது. மேடு மட்டும் அப்படி மாறவில்லை. நோர்ஸ்மின்ட போன்ற இடங்களில் உழவர்களும் அதே மேட்டுக்கு வந்து தின்று போட்டிருக்கிறார்கள், மேல் அடுக்கில் சிப்பி குறைந்து மட்டி கூடுகிறது. மேட்டை மட்டும் பார்த்தால் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அந்த மாறுகிற காலத்தில், சுமார் 5,700 வருஷத்துக்கு முன்னால், லோலன்ட் தீவில் ஒருத்தி எதையோ மென்று துப்பினாள். பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கி எடுக்கும் கறுப்புப் பிசின். கல்லைக் கைப்பிடியில் ஒட்டுவதற்கு அதுதான் கோந்து. ஆறினால் இறுகிவிடும், மென்றால் இளகும். அந்தத் துண்டிலிருந்தே அவளுடைய முழு மரபணுத் தொகுதியையும் எடுத்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் வெளியானது. எலும்பே இல்லாமல்! கறுத்த தோல், கறுத்த முடி, நீலக் கண். உழவர் கலப்பு தெரியவில்லை, பழைய வேட்டைக்கார வம்சம். வளர்ந்த பிறகு பால் செரிக்கும் மரபணு மாற்றம் இல்லை. பக்கத்து ஊரில் மாடு வந்துவிட்டது, அவள் வயிற்றுக்கு அது இன்னும் சேதி போகவில்லை.

அந்தப் பிசினில் அவளுடைய கடைசிச் சாப்பாடும் ஒட்டியிருந்தது: காட்டு வாத்து, ஹேசல் கொட்டை. எலும்பு டெஸ்ட்டில் பதியாமல் போகும் அதே கொட்டை. "ஆதிமனிதன் என்ன சாப்பிட்டான்" என்ற கேள்விக்கு இவ்வளவு நேரான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு பெண், ஒரு நாள், ஒரு வேளை.

கூடவே அவள் வாயில் இருந்த கிருமிகளும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தது. தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு என்று இன்றைக்கும் இளவட்டங்களைப் படுக்கவைக்கும் அதே வைரஸ். நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா. ஈறை அரிக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், அதன் கூட்டாளிகள் இரண்டு. சர்க்கரையும் மைதாவும் தொடாத வாய் என்று நாம் நினைக்கும் வாயில்.

பிசினை ஏன் மென்றாள் என்பதற்குப் பல யோசனைகள் சொல்கிறார்கள். கருவி ஒட்டுவதற்கு இளக்கினாள், பல் சுத்தம் செய்தாள், சும்மா பொழுதுபோகாமல் மென்றாள். பிர்ச் பிசினுக்குக் கொஞ்சம் கிருமி கொல்லும் குணம் உண்டு என்பதால் பல்வலிக்காக இருக்கலாம் என்றும் ஒரு யோசனை. அந்தக் கிருமிப் பட்டியலைப் பார்த்த டாக்டராக என் ஓட்டு கடைசிக்குத்தான். ஈறு வீங்கி, ராத்திரி தூக்கம் கெட்டு, கையில் கிடைத்ததை வாயில் போட்டு அடக்கியிருக்கிறாள்.